கம்மி பண்ணிக்கலாம்

அந்த மேடம் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'சரி' என்று முழுதாகச் சொல்லியும் கேட்டதில்லை. எதைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாலும் மூக்குக் கண்ணாடியைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டு, நிதானமாகப் பார்த்துவிட்டு, "கம்மி பண்ணிக்கலாம்" என்பார். சார்ஜருக்குள் ஓடும் கரண்டு, மீட்டிங்கின் நீளம், கேண்டீன் சாம்பாரின் காரம், இரண்டு பேர் போடும் சண்டை, எல்லாவற்றுக்கும் அவரிடம் இருந்தது இந்த ஒரே மருந்துதான்.

ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா பக்கம் மின்சார ஆட்டோக்களுக்கு பேட்டரி சார்ஜர் செய்யும் ஒரு சின்ன கம்பெனி அது. சார்ஜரை வடிவமைப்பவர் மேடம். அது ஓடாதபோது திட்டு வாங்குபவன் நான். சர்வீஸ் டிபார்ட்மெண்ட் என்று அதற்குக் கௌரவமாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் என் பரம்பரையை விசாரிப்பார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்த புதிதில் எனக்கு ரோஷம் வந்தது. பிறகு அதுவும் தேய்ந்துபோனது. அந்த ஃபோன்களைப் பற்றி நான் போய்ச் சொல்லும்போது எல்லா இன்ஜினியர்களும் "கஸ்டமர் பொய் சொல்றான்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மேடம் மட்டும் அப்படிச் சொன்னதில்லை. அவரை எனக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

ஒருமுறை ஸ்டோர்ஸ்காரருக்கும் அசெம்பிளி சூப்பர்வைசருக்கும் ஒரு ஸ்க்ரூ டப்பா விஷயமாகச் சண்டை முற்றி, காலரைப் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டது. நாங்களெல்லாம் "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று கத்தி, இருந்த சத்தத்தை இரண்டு மடங்காக்கினோம். மேடம் எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார்.

"சண்டைய நிறுத்த வேணாம். சவுண்ட மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க. அங்க டெஸ்ட் ஓடுது."

அவர் மேல் இருந்த மரியாதைக்காக இருவரும் குரலைத் தாழ்த்தினார்கள். தாழ்ந்த குரலில் ஒருத்தர் குடும்பத்தை இன்னொருத்தர் எப்படித் திட்டுவது? ஆளுக்கு ஒரு வாக்கியம் முயன்று பார்த்தார்கள். அது ஏதோ ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது. சூப்பர்வைசருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் பிளான்ட் ஹெட்டுக்கு மட்டும் இந்த மருந்து வேலை செய்யாது. அவர் துமகூருக்காரர், நல்ல மனிதர், ஆனால் பேச ஆரம்பித்தாலே மேஜை அதிரும். அவர் குரல் ஏற ஏற மேடத்தின் குரல் இறங்கும். கடைசியில் அவர் கத்திக்கொண்டிருப்பார், இவர் உதடு அசைவது மட்டும் தெரியும். "இந்த மேடத்துக்கு முதுகெலும்பு கிடையாதா?" என்று எனக்கு எரிச்சலாக வரும். மீட்டிங் முடிந்து பார்த்தால் மேடம் கேட்டதில் முக்கால்வாசி நடந்திருக்கும். மீதிக் கால்வாசியை அவர் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு போகிறேன். ஆனால் அந்தக் கால்வாசி, அரைவாசி எல்லாம் அவர் தலையிலேயே வந்து விடிந்தது. பக்கத்து மேஜையில் இருந்த இன்ஜினியர் வேலையை விட்டுப் போனார், வேறு ஆள் போடவில்லை, அந்த வேலையும் இவரிடம் வந்தது. லீவைக் கம்மி பண்ணிக்கொண்டார். மதியச் சாப்பாட்டைக் கம்மி பண்ணிக்கொண்டு ஒரு கையில் சப்பாத்தியைச் சுருட்டி வைத்துக்கொண்டே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிரிப்பும்கூடக் கம்மியாகிக்கொண்டு வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அது அவர் சுபாவம் என்று நினைத்துக்கொண்டோம்.

ஓசூர் ரோட்டில் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறியவர்கள் யாரும் விழித்திருப்பதில்லை. பொம்மனஹள்ளி தாண்டுவதற்குள் பஸ் முழுக்கக் கழுத்து ஒடிந்துபோய்க் கிடக்கும். சந்தாபுராவில் குடியிருக்கும் எனக்கு அந்த பஸ் தேவையில்லை. சிட்டிக்குள் வேலை இருக்கும் நாட்களில் மட்டும் ஏறுவேன். அந்த நாட்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன், மேடம் ஒருவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை விரித்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார். கண்ணுக்குக் கீழே கருவளையம் கன்னம் வரை இறங்கியிருக்கும்.

"தூங்கலையா மேடம்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"இல்லைங்க. கொஞ்சூண்டு தூங்கினா உடம்பு இன்னும் வேணும்னு கேக்குது. தூங்காமலே இருந்துட்டா ஒண்ணும் தெரியல."

அக்கவுண்ட்ஸில் இருந்த அம்மா, மேடத்தின் ஏரியாக்காரர். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். ஜீவனஹள்ளியில் மேடத்தின் வீடு. மாமியாருக்கு மறதி நோய் முற்றிவிட்டது. பகலில் தூங்குவார், ராத்திரி ஆனால் எழுந்து வாசல் கதவைத் தட்டுவார், மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கணவருக்குப் புனேயில் வேலை, எப்போதாவது வருவார். மேடம் ஒரு முழு ராத்திரி தூங்கி இரண்டு வருஷம் இருக்கும் என்றார் அந்த அம்மா. நான் மறுநாள் சுற்றி வளைத்து, "வீட்ல மாமியார் எப்படி இருக்காங்க மேடம்?" என்று கேட்டேன். "முன்னைக்கு இப்ப கம்மி" என்றார். எது கம்மி என்று நான் கேட்கவில்லை. அதற்கு மேல் கேட்க நான் யார்?

இந்த நிலைமையில்தான் கோமதியின் ஃபோன் வந்தது.

"சார், உங்க சார்ஜரு ராவெல்லாம் டிக்கு டிக்குன்னு அடிச்சிக்கினு கெடக்குது. காலையில பாத்தா பாதி கூட ஏறல. எனக்கு ஸ்கூலு ட்ரிப்பு இருக்குது சார். அது போச்சுன்னா இந்த வண்டிய வச்சிக்கினு நான் என்னா பண்றது?"

கோமதி அத்திபெலேயில் மின்சார ஆட்டோ ஓட்டுகிறவர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த பெண். புருஷனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலையில் இரண்டு ரவுண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார். மாதா மாதம் உறுதியாகக் கைக்கு வருவது அதுதான். பேட்டரி நிரம்பி இருந்தால்தான் இரண்டு ரவுண்டும் ஓடும். 'பாத்துச் சொல்றேம்மா' என்று நான் வழக்கமான பதிலைச் சொல்லிவிட்டு மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் பையை எடுத்துக்கொண்டு, "நானும் வரேன். அவங்க வீட்டு சுவத்துல என்ன வருதுன்னு பாக்கணும்" என்றார்.

ஒரே காம்பவுண்டுக்குள் ஏழு வீடுகள். தெருமுனைக் கம்பத்திலிருந்து ஒரு ஒல்லி வயர் எங்கெங்கோ சுற்றி வந்து ஏழு வீட்டுக்கும் பிரிகிறது. கோமதியின் வீடு கடைசி. ஒரு அறை, ஓரமாக ஒரு சமையல் மேடை, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ. மேடம் பிளக்கில் மீட்டரைச் செருகிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தார். இன்ஜினியர்கள் கஸ்டமர் வீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கோமதி பதறிப்போய் ஸ்டூலைத் தேடினார்.

"பேடாங்க, ஸ்டூல் வேணாம், இது வசதியா இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் வோல்டேஜ் எண் சடாரென்று இறங்கும். "யாரோ மிக்ஸி போட்டாங்க" என்பார். இன்னும் இறங்கும். "இது இண்டக்ஷன் ஸ்டவ்."

"ரெண்டாவது வூடு" என்றார் கோமதி. "அந்தம்மா இப்பதான் கார்மெண்ட்ஸ்லருந்து வருவாங்க."

அப்புறம் சார்ஜரைப் போட்டார்கள். அது முழு வேகத்தில் இழுத்ததும் மீட்டரில் எண் தடதடவென்று விழுந்தது. டிக். சார்ஜர் நின்றது. நின்றதும் எண் மேலே ஏறியது. டிக். மறுபடி இழுத்தது. டிக்.

"பாத்தீங்களா கோமதி? வயர் மெல்லிசு. இது ஒரே மூச்சுல இழுக்குது. இழுத்ததும் வோல்டேஜ் விழுது. விழுந்ததும் இது பயந்துபோய் நின்னுடுது. நின்னா வோல்டேஜ் ஏறிடுது. ஏறினதும் திரும்ப வந்து இழுக்குது."

"எங்க வூட்டுக்காரு மாரியே இருக்குது" என்றார் கோமதி. "கோச்சிக்கினு தெருமுன வரைக்கும் போவாரு. கொஞ்ச நேரத்துல திரும்பி வந்து சோறு கேப்பாரு."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வயரை மாற்றச் சொல்லி வீட்டு ஓனரிடம் கேட்கலாமே என்றேன். "கேட்டேன் சார். வண்டிய வேற எங்கனா வுட்டுக்கோன்றாரு" என்றார் கோமதி.

ஆபீசில் பிளான்ட் ஹெட் ஒரே வரியில் வைத்தியம் சொன்னார். "கட்-ஆஃப் கம்மி மாடிபிடி மேடம், முகீத்து." எந்த வோல்டேஜுக்குக் கீழே போனால் சார்ஜர் நிற்கிறதோ அந்த அளவை இறக்கிவிட்டால் அது நிற்காதே, கதை முடிந்ததே என்பது அவர் கட்சி. மேடத்தின் வார்த்தையையே மேடத்திடம் திருப்பிச் சொல்லிவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

மேடம் கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். வோல்டேஜ் குறையக் குறைய, அதே பவரைக் கொடுக்க சார்ஜர் கூடுதல் கரண்டை இழுக்கும். கரண்டு கூடினால் சூடு ரொம்பக் கூடும். இறக்கிவிட்டால் சார்ஜர் நிற்காது, சரி. ஆனால் அந்த அம்மா படுத்திருக்கும் பாய்க்கு ஒரு முழம் தள்ளி அது ராத்திரி முழுக்கக் கொதித்துக்கொண்டிருக்கும். "சூட்டு விஷயத்துல மட்டும் நான் கம்மி பண்ணிக்க மாட்டேன் சார்" என்றார். பிளான்ட் ஹெட் குரலை ஏற்றினார். மேடத்தின் குரல் வழக்கம்போல இறங்கியது. ஆனால் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி அவர் மாதிரியே இருந்தது. வோல்டேஜ் விழ ஆரம்பித்ததும் சார்ஜர் நிற்க வேண்டாம், இழுப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். இன்னும் விழுந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளட்டும். அக்கம்பக்கத்தில் மிக்ஸி நின்று வோல்டேஜ் ஏறினால் இதுவும் ஏற்றிக்கொள்ளட்டும். சூட்டுக்கும் அதே ஏற்பாடு. உள்ளே ரொம்பச் சூடானால் நிற்காது, குறைத்துக்கொள்ளும், ஆறினதும் ஏற்றிக்கொள்ளும். "நிக்கவே நிக்காது. எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடுத்துக்கிட்டே இருக்கும்" என்று சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிறைவு இருந்தது.

மாற்றிக் கொடுத்தோம். டிக் டிக் நின்றது. கோமதி ஃபோன் பண்ணி, "மேடத்துக்கு கோடிப் புண்ணியம் சார்" என்றார். என் ஹெட்போனில் அதுவரை நான் கேட்காத வகை வாக்கியம் அது. மேடத்திடம் போய்ச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேலையை எடுத்தார்.

அதன் பிறகு கோமதியிடமிருந்து ஃபோனே இல்லை. கம்ப்ளைண்ட் வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் டிபார்ட்மெண்டின் வேதமே அதுதான். வெயில் காலம் வந்தது. ஒருநாள் காலையில் வேறு ஒரு வேலையாக அத்திபெலே போனவன், பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் கோமதி ஆட்டோவை நிறுத்திக்கொண்டு ஷேர் சவாரிக்குக் கூவிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூட நேரம் அது.

"என்னம்மா, ஸ்கூல் ட்ரிப் போகலையா?"

"ஒரு ரவுண்ட வுட்டுட்டேன் சார். பேட்டரிக்கு வயசாயிடுச்சு போலக்குது. நெறைய மாட்டேங்குது. இன்னொரு ரவுண்டுலயும் பசங்கள வச்சிக்கினு ரெண்டு தரம் நடுவழியில நின்னுட்டேன். அம்மாங்கல்லாம் ஒண்ணா சேந்துக்கினு, லீவு முடிஞ்சி ஸ்கூலு தெறக்கறப்ப ஒரு வாரம் பாக்கறோம், ஒரு நாளு நின்னாலும் வேற வண்டிதான்னு சொல்ட்டாங்க."

எனக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஏம்மா ஃபோன் பண்ணல?"

"சார்ஜரு நல்லாதான சார் ஓடுது. ஒரு சத்தம் இல்ல. உங்களுக்கு ஃபோன் பண்ணி என்னான்னு சொல்றது?"

அன்று சாயங்காலமே மேடத்தை அழைத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. மூலையில் சார்ஜர் இருந்த இடத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. பழைய நூல் புடவை ஒன்றை நாலாக மடித்து, சார்ஜரை மேலும் பக்கமும் மூடி, குளிர் காலத்துக் குழந்தையைப் போல இறுக்கிச் சுற்றி வைத்திருந்தார் கோமதி. மேடம் குனிந்து மேலே உள்ளங்கையை வைத்தார். உடனே எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா இது?" என்று நான் கத்திவிட்டேன். "உள்ள ஃபேன் ஓடுற பொருள யாராச்சும் போத்தி வைப்பாங்களா? காத்து எப்படிப் போகும்? தீப்பிடிச்சா?"

கோமதி மேடத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "டிக்கு டிக்கு நின்னப்புறம் அந்த ஃபேனு சத்தம் கேக்க ஆரம்பிச்சிச்சு மேடம். ஙொய்ன்னு ராவெல்லாம் காதுக்குள்ளயே நிக்குது. காலையில நாலரைக்கு எழுந்துக்கணும். பகலெல்லாம் வண்டி. கொஞ்சமாச்சும் தூங்க வேணாமா நானு? அதான் போத்தி வுட்டேன். சத்தமும் கொறஞ்சிச்சு."

நான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். மேடம் என் பக்கம் திரும்பாமலேயே கையைக் காட்டி அடக்கினார். பிறகு புடவையை மெதுவாகப் பிரித்தார். உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் புரிந்துவிட்டது. மூடி வைத்ததும் சூடு ஏறியிருக்கிறது. சூடு ஏறியதும் சார்ஜர் மேடம் சொல்லிக்கொடுத்தபடியே குறைத்துக்கொண்டிருக்கிறது. வெயில் காலம் வந்ததும் இன்னும் குறைத்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் ஏதோ பேருக்குச் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நிற்கவே இல்லை. மேடம் அதைக் கோமதிக்கு எடுத்துச் சொன்னார்.

கோமதி சார்ஜர் பக்கம் திரும்பினார். "கஷ்டமா இருக்குதுன்னு அது ஒரு வார்த்த சொல்லக் கூடாதா மேடம்? மொதல்ல இருந்தது டிக்கு டிக்குன்னு அடிச்சிக்கினு உயிர வாங்கிச்சு. ஆனா ஏதோ ஆகலன்னு தெரிஞ்சிச்சு, உங்களுக்கு ஃபோன் பண்ணேன். இது பாட்டுக்கு உள்ளுக்குள்ளயே வெந்துக்கினு, கம்மியா கம்மியா குடுத்துக்கினு இருந்தா, கூட இருக்கறவங்களுக்கு எப்படி தெரியும்?"

மேடம் புடவையை மடித்துக்கொண்டிருந்தார். கடைசி மடிப்பையும் நீவிவிட்டார்.

"தெரியாதுதான்" என்றார். "நான் அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன். தப்பு என்னுது."

திரும்பி வரும்போது எனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. 'மேடம், அந்தம்மா சார்ஜரைப் பத்தி மட்டும் சொல்லல' என்ற வாக்கியம் தொண்டை வரை வந்து வந்து போனது. சந்தாபுரா சிக்னலில் வண்டி நின்றபோது அவரே சொன்னார். "தூங்கணும்னுதானே செஞ்சாங்க. அதுக்குப் போயி அவங்ககிட்ட நீங்க கத்தியிருக்கக் கூடாது." அவ்வளவுதான்.

சூடேறினால் கத்துகிற மாதிரி ஒரு பஸ்ஸர் வைக்கலாம் என்றார் பிளான்ட் ஹெட். தூங்குவதற்காகச் சார்ஜரைப் போர்த்தியவரை ராத்திரியில் கூவி எழுப்புவதா என்று மேடம் கேட்டார். குறைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஒரு சிவப்பு விளக்கு எரியும்படி செய்தார். கூடவே கோமதிக்காக ஒரு சார்ஜரைத் தனியாகத் தயார் பண்ணினார். ஆரம்பத்திலிருந்தே பாதிக் கரண்டுதான் இழுக்கும். சூட்டை வெளியே தள்ள முதுகில் கனமான அலுமினியத் தகடுகள். சாயங்கால வெக்கை இருக்கும் வரை ஃபேன் ஓடும், கோமதி படுக்கிற நேரத்துக்குள் நின்றுவிடும். அதன் பிறகு சத்தமே இருக்காது. ஒரே ஒரு விஷயம், இது மெதுவாக ஏற்றும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதிலிருந்து விடியும் வரை இடைவிடாமல் ஏற்றினால்தான் இரண்டு ரவுண்டுக்கு நிரம்பும். நடுவில் ஒரு மணி நேரம் விட்டுப்போனால் காலையில் அந்த அளவுக்குத் துண்டு விழும்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேடம் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரை வரவழைத்துவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலை இரண்டு ரவுண்டும் போகிறேன் என்று அந்த அம்மாக்களிடம் கோமதி சொல்லியாயிற்று. வெயில் தாழ்ந்ததும் பிளக்கைச் செருகினோம். மீட்டரில் எண் லேசாக இறங்கி ஒரு இடத்தில் நின்றது. டிக் இல்லை. சிவப்பு விளக்கு இல்லை. ஃபேன் மட்டும் ஙொய் என்று ஓட ஆரம்பித்தது.

"இப்படியே விட்டுடுங்க கோமதி. காலையில வரைக்கும் கை வைக்காதீங்க" என்றார் மேடம். "நாங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்து சூடு எவ்வளவு ஏறுதுன்னு பாத்துட்டுப் போறோம்." முதல் தடவை வந்தபோது உட்கார்ந்த அதே சுவரோரம் உட்கார்ந்தார். கோமதி தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனார். நான் அவ்வப்போது சூட்டைப் பார்த்துச் சொன்னேன். மேடம் "ம்" என்றார். இன்னொரு முறை சொன்னேன். "ம்" வரவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கமாகச் சுவரில் சரிந்திருந்தது. கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள்கூடக் கண்ணை மூடாத அந்த மேடம், அத்திபெலேயில் ஒரு கஸ்டமர் வீட்டு வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கோமதி டீயோடு வந்து வாசலிலேயே நின்றார். அந்த நேரம் பார்த்து ஃபேன் இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்தது. சத்தம் கூடியது. மேடத்தின் புருவம் சுருங்கியது. கண் திறக்கவில்லை, கை மட்டும் தரையில் எதையோ துழாவியது.

"வரேன் அத்தே... இதோ வந்துட்டேன்... கதவத் தட்டாதீங்க" என்றார்.

கோமதி என்னைப் பார்த்தார். நான் மெல்லிய குரலில், "மாமியாருக்கு உடம்பு சரியில்ல. ராத்திரியில கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்களாம். ரெண்டு வருஷமா இவங்க தூங்கல" என்றேன்.

கோமதி தூக்கைக் கீழே வைத்தார். சத்தமில்லாமல் நடந்துபோய், சார்ஜர் செருகியிருந்த பிளக்கின் சுவிட்சை அணைத்தார்.

ஃபேன் நின்றது. அறை அப்படியே அடங்கிப்போயிற்று. மேடத்தின் கை தரையில் தளர்ந்தது. புருவம் பிரிந்தது. மூச்சு நீளமாக வர ஆரம்பித்தது.

"என்னம்மா பண்றீங்க?" என்று நான் பதறினேன். "இப்ப நிறுத்தினா காலையில நிறையாது. ஒவ்வொரு மணி நேரமும் வேணும்னு அவங்களே சொன்னாங்கல்ல? நாளைக்கு அந்தப் பசங்க ட்ரிப்பு..."

"தெரியும் சார்."

"எவ்வளவு நேரம் இப்படியே வைக்கப் போறீங்க?"

"அவங்களா எழுந்துக்கற வரைக்கும்." கோமதி கொடியில் கிடந்த ஒரு போர்வையை உருவி மேடத்தின் காலில் போட்டார். கண்ணாடியை இரண்டு விரலால் கழற்றி ஜன்னல் மேல் வைத்தார். பிறகு வாசற்படியில் போய், யாரும் வந்து கதவைத் தட்டாதபடி குறுக்கே உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்கு நடுவழியில நின்னுச்சுன்னா நான் எறங்கித் தள்ளிக்கிறேன் சார்" என்றார். "நீங்க அவங்கள எழுப்பாதீங்க."

என் பாக்கெட்டில் ஃபோன் அதிர்ந்தது. யாரோ ஒரு கஸ்டமர், யாரோ ஒருவருடைய சார்ஜர். அது மணியடித்து விடுமுன் எடுத்து அணைத்துவிட்டு, நானும் அந்தச் சுவரோரமாகவே உட்கார்ந்தேன்.